பெட்டியின் பக்கத்தில் உள்ள எண்ணைக் காட்டி மட்டும் கனிஸ்டர் பில்டர் விற்காதீர்கள்: மட்டக்களப்பு, அம்பாறை மீன் தொட்டிக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, ஏறாவூர், காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆகிய ஊர்களில் வளர்ப்பு மீன்களும் தொட்டிச் சாமான்களும் விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலரிடம் நான் மீனும் தீனியும் வாங்கியிருக்கிறேன். உங்கள் உழைப்பில்லாமல் இந்தக் கரையில் வீட்டுத் தொட்டி வளர்ப்பு நிலைத்திருக்காது என்பதை அறிந்த உரிமையோடு, பெரிய தொட்டிகளுக்கான கனிஸ்டர் பில்டரை (தொட்டி நீரை ஹோஸ் வழியாக இழுத்து, மூடிய வாளிக்குள் வடிகட்டித் திருப்பி அனுப்பும் கருவியை) நீங்கள் விற்கும் முறையில் ஒரு மாற்றத்தைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

நான்கடி, ஆறடித் தொட்டி வைத்திருப்பவர் ஒருவர் வந்து பில்டர் கேட்டால், தட்டிலிருந்து பெட்டி இறங்குகிறது. அதன் பக்கத்தில் ‘மணித்தியாலத்துக்கு 2000 லீற்றர்’ என்று அச்சிட்டிருக்கும் எண்ணை விரலால் காட்டி, “இது உங்கட டேங்குக்குத் தாராளமாக் காணும்” என்று சொன்னதும் வியாபாரம் முடிந்துவிடுகிறது. என்ன மீன் வளர்கிறது, நீர் கிணற்றிலிருந்து வருகிறதா குழாயிலிருந்து வருகிறதா, வீட்டில் மின்சாரம் அடிக்கடி நிற்குமா என்ற கேள்விகள் எழுவது அரிது. வாங்குபவர் நாற்பதாயிரமோ அதற்கு மேலோ கொடுத்துவிட்டுப் போகிறார்; பில்டர் நம் வெப்பத்துக்கும் நம் நீருக்கும் நம் மின்தடைக்கும் ஈடுகொடுக்குமா என்பது வீட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் கழிந்த பிறகுதான் தெரியவருகிறது.

முதலில் அந்த எண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது மோட்டர் தனியே தள்ளக்கூடிய நீரின் அளவு. ஸ்பொஞ்சும் செராமிக் வளையமும் கூடைகளில் நிறைந்த பிறகு, ஹோஸ் வளைந்து நெளிந்து ஓடும் நிலையில், தொட்டிக்குத் திரும்பி வரும் நீர் அதைவிடக் கணிசமாகக் குறைவு. ஹேகன் கம்பனி தனது ஃபுளுவல் எஃப்எக்ஸ்6 பில்டருக்கு இரண்டு எண்களையும் வெளியிடுகிறது: மோட்டரின் அளவு மணித்தியாலத்துக்கு 3500 லீற்றர், வடிகட்டும் பொருட்களோடு ஓடும் அளவு 2130 லீற்றர். பொருட்கள் புதிதாக இருக்கும்போதே இவ்வளவு இறங்குகிறதென்றால், மூன்று மாதச் சேறு அடைத்த பில்டரில் எவ்வளவு ஓடும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். எஹைம் கிளாசிக் 2217 வேறு பாடம் சொல்கிறது. அதன் மோட்டர் 20 வாட்டில் மணித்தியாலத்துக்கு 1000 லீற்றர்தான் தள்ளுகிறது, ஆனாலும் 600 லீற்றர் வரையான தொட்டிக்கு என்றே அந்த ஜெர்மன் கம்பனி அதை விற்கிறது. ஏனெனில் உள்ளே இருக்கும் பொருளின் கொள்ளளவையும், நீர் அதனூடாக மெதுவாக ஊர்ந்து செல்வதையும் அது நம்பியிருக்கிறது. ஆகவே வேகத்தை மட்டும் கேட்பதை விட, ‘கூடைகளில் எத்தனை லீற்றர் மீடியா, அதாவது வடிகட்டும் பொருள், கொள்ளும்?’ என்று கேட்பதே சரியான கேள்வி. அந்த விடையையும் விலைச்சீட்டில் எழுதி ஒட்டுங்கள்.

தொட்டியின் கணக்கையும் வாங்குபவரோடு சேர்ந்து போட்டுப் பாருங்கள். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 24 கன அடி, அதாவது ஏறத்தாழ 680 லீற்றர்; மணலும் கல்லும் மேல்விளிம்பில் விடும் இடைவெளியும் போக 600 லீற்றர் நிற்கும். அதில் ஒரு ஜோடி பெரிய ஒஸ்கார் மீன் வளர்வதற்கும் இருபது சிறு டெட்ரா வளர்வதற்கும் இடையே கழிவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. பெட்டி சொல்லும் ‘600 லீற்றர் வரை’ என்ற வார்த்தை ஒஸ்காரை அறியாது. பெட்டியில் போட்ட எண்ணின்படி தொட்டி நீர் மணித்தியாலத்துக்கு நான்கு முதல் ஆறு தடவை சுழல வேண்டும் என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு. பெரிய, அசுத்தம் அதிகமாக்கும் மீன்களுக்கு நான் அதன் மேல் எல்லையையே பரிந்துரைப்பேன்.

நம் பிரதேசத்துக்கே உரிய விடயம் இனித்தான் வருகிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவைப் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அந்தப் பற்றீரியாக்கள் குடியிருப்பது செராமிக் வளையத்தின் துளைகளிலும் ஸ்பொஞ்சிலும்தான். அமோனியா எவ்வளவு நஞ்சாகும் என்பதை வெப்பமும், நீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் தீர்மானிக்கின்றன. பி.எச். 8 ஆக இருக்கும் நீரில், 20 பாகை செல்சியஸில் உள்ளதைவிட 30 பாகையில் நஞ்சான பங்கு ஏறக்குறைய இருமடங்கு; பி.எச். 7 இலிருந்து 8 க்கு ஏறும்போது அது பத்து மடங்கை நெருங்குகிறது. கரையோர மணற்கிணறுகள் பலவற்றில் நீர் வன்மையானது, அத்தகைய நீரில் பி.எச். கூடுதலாக இருப்பதே வழமை; பங்குனி சித்திரையில் தொட்டி நீர் 30 பாகையைத் தொடுவது வழக்கம். மறுபுறம், 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஒட்சிசன் 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவுக்குத்தான் கரைகிறது. மீனும் பற்றீரியாவும் அந்தக் குறைந்த ஒட்சிசனையே பங்கிட்டுக்கொள்ள வேண்டும். குளிர் நாட்டு வீட்டுக்குக் கணக்கிட்ட பில்டரை இங்கே ஒரு படி பெரிதாகத் தெரிவு செய்ய வேண்டியிருப்பது இதனால்தான்.

மின்தடையை நீங்கள் வாங்குபவரிடம் பேசாமல் விடுவது எனக்குப் பெரும் வருத்தம். கனிஸ்டர் என்பது மூடி இறுக்கிய ஒரு வாளி. மோட்டர் நின்றதும் அதற்குள் இருக்கும் நீர் அசையாது. பற்றீரியாக்கள் மிச்சமிருக்கும் ஒட்சிசனைக் குடித்து முடிக்கின்றன. பிறகு அவை சாகத் தொடங்க, சேறு அழுகுகிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் இதைப் பலரும் நேரில் கண்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் மின்சாரம் நின்றபோதும் அதே பயம் மீண்டது. வடகீழ்ப் பருவக்காற்றோடு மழை கொட்டும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் மரம் முறிந்து கம்பி அறுவது நமக்குப் புதிதல்ல. மின்சாரம் திரும்பியதும் பில்டர் தானாக ஓடத் தொடங்கி, கூழ்முட்டை நாற்றமுள்ள கறுத்த நீரை நேரே தொட்டிக்குள் தள்ளுகிறது. மின்வெட்டைத் தாக்குப்பிடித்த மீன், மின்சாரம் வந்த பிறகு சாவது அப்போதுதான்.

ஓரிரு மணித்தியாலத் தடைக்குப் பயப்பட வேண்டியதில்லை. நீண்டுவிடும் என்று தெரிந்தால் பில்டரின் பிளக்கைக் கழற்றி, வால்வை மூடி, மூடியைத் திறந்து, கூடைகளை எடுத்துத் தொட்டி நீரிலேயே அமிழ்த்தி, பற்றறியில் ஓடும் காற்றுப் பம்பியின் குமிழ்கள் அவற்றைத் தொடும்படி வைக்க வேண்டும். அரை நாள் மூடியே கிடந்திருந்தால், உள்ளே உள்ள நீரை வடிகானில் ஊற்றி, பொருட்களைத் தொட்டி நீரில் அலசிய பிறகே ஓடவிட வேண்டும். இந்த நான்கு வரியைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு பெட்டியோடும் கொடுப்பதற்கு உங்களுக்குப் பெரிய செலவு வராது. கூடவே பற்றறிப் பம்பி ஒன்றையும் காற்றில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர் ஒன்றையும் வாங்கச் சொல்லுங்கள். அது உங்களுக்கும் வியாபாரம்தான்.

இதே காரணத்தால் ஒரு பெரிய கனிஸ்டரை விட இரண்டு நடுத்தரக் கனிஸ்டர்களையே ஆறடித் தொட்டிக்குப் பொருத்தமாக நான் கருதுகிறேன். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும். ஒன்றை இந்த மாதமும் மற்றதை அடுத்த மாதமும் கழுவினால் பற்றீரியாக் குடியிருப்பு முழுவதும் ஒரே நாளில் கலையாது. விலை சற்றுக் கூடும் என்பது உண்மை. அரோவனா மீன் ஒன்றுக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் அது கூடுதலல்ல.

உதிரிப்பாகத்தைப் பற்றி எழுதும்போது என்னால் சாந்தமாக இருக்க முடியவில்லை. கல்முனைப் பக்கத்து உறவினர் ஒருவர் வாங்கிய கனிஸ்டரில், ஒரு வருடம் முடியுமுன் மூடியைச் சுற்றியிருக்கும் இறப்பர் வளையம் தட்டையாகி நீர் கசியத் தொடங்கியது. வாங்கிய கடையில் அந்த வளையம் இல்லை; வரவழைக்கவும் வழியில்லை; புதிய பில்டர் ஒன்றை வாங்குமாறு சொன்னார்கள். உள்ளங்கையில் அடங்கும் ஒரு இறப்பர் வளையம் இல்லாததால், மோட்டரும் கூடைகளும் நல்ல நிலையில் இருந்த இயந்திரம் வீட்டின் பின்புறத்தில் கிடக்கிறது. மூடி வளையம், மோட்டருக்குள் நீரைத் தள்ளும் விசிறி, அது சுழலும் மெல்லிய செராமிக் ஊசி, ஹோஸ் பூட்டும் வால்வு, மூடிக் கொழுக்கி ஆகிய ஐந்தும் கையிருப்பில் இல்லாத மொடலை விற்பனைக்கு வைக்காதீர்கள். செராமிக் ஊசி கழுவும்போது கை தவறினாலே முறிந்துவிடும். வளையத்துக்குப் பூச வாஸ்லின் கொடுக்காமல் சிலிக்கோன் கிறீஸ் கொடுங்கள். வாஸ்லின் சில வகை இறப்பரை ஊதச் செய்து கசிவைக் கூட்டும்.

பெட்டியோடு வரும் கரியும் யூவி (புற ஊதா) விளக்கும் விலையைக் கூட்டும் அளவுக்குப் பயன் தருவதில்லை. கரி, மருந்து போட்ட பிறகு அதை நீக்க உதவும். மற்ற நாளில் அந்த இடத்தில் செராமிக் வளையம் போடுவது மேல். யூவி பச்சை நீரைத் தெளிவாக்கும், அமோனியாவைத் தொடாது. மின்சாரச் செலவை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்: 50 வாட் மோட்டர் இரவு பகலாக ஓடினால் மாதம் 36 அலகு, 20 வாட் மோட்டர் 14 அலகு சொச்சம். அலகு கூடக் கூட விலைக் கட்டமும் ஏறும் நம் மின் பட்டியலில் இந்த வித்தியாசத்தை ஒரு குடும்பம் ஒவ்வொரு மாதமும் உணரும்.

கழுவும் முறையை வாயால் சொல்வதை விடச் செய்து காட்டுவதே நல்லது. “பைப்பில நல்லாக் கழுவுங்க” என்று அனுப்பிவைத்தால், குழாய் நீரில் உள்ள குளோரீன் பற்றீரியாவைக் கொன்றுவிடும்; வாங்கியவர் மறுவாரம் செத்த மீனோடு வந்து உங்களிடமே கோபப்படுவார். தொட்டியிலிருந்து ஒரு வாளி நீர் எடுத்து, முதலில் நீர் படும் முரட்டு ஸ்பொஞ்சை அதில் பிழிந்து, தேயிலைச் சாயம் போல் இறங்கும் சேற்றை அவர் பார்க்கட்டும். செராமிக் வளையங்களை இரண்டு தரம் மெதுவாக அமிழ்த்தி எடுத்தால் போதும் என்பதையும் அவர் பார்க்கட்டும். இதற்குக் கடை வாசலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கனிஸ்டரும் ஒரு வாளியும் ஐந்து நிமிடமும் போதுமானவை. வாங்குபவர் அங்கேயே ஒரு தடவை மூடியைத் தானே கழற்றிப் பூட்டிப் பார்த்தால், வீட்டில் ஹோஸை இழுத்து வரவேற்பறையெல்லாம் நீர் பரவும் சம்பவங்கள் பாதியாகக் குறையும்.

அப்படிச் செய்து காட்டத் தயாராக இருக்கும் கடைக்கு, என் வீட்டில் உள்ள பழைய கனிஸ்டர் ஒன்றைக் கூடைகளோடும் ஹோஸோடும் இலவசமாகக் கொண்டுவந்து தருகிறேன். விசிறி மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஆறடித் தொட்டியில் ஒஸ்கார் வளர்க்கும் மட்டக்களப்பு வாடிக்கையாளர் ஒருவர்