அந்த இடம் காலி இடம் அல்ல

அன்புள்ள கண்ணு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். போனில் பேசத் தொடங்கினால் பாதியில் உன் அம்மா வாங்கிக்கொள்கிறாள். நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

கிருஷ்ணகிரி தாண்டியதும் ஒரு லாரி உன் காரின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஹாரன் அடித்து வந்தது என்றும், லாரிக்காரர்கள் எல்லாரும் ரவுடிகள் என்றும் சொன்னாய். நானும் லாரி ஓட்டுகிறவன்தான், ஆனாலும் அந்த ஓட்டுநருக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. லோடு வண்டியை ஒரு காருக்குப் பின்னால் ஒட்டி ஓட்டுவது தொழில் தெரிந்தவர் செய்கிற வேலை அல்ல. ஆனால் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாய்: "அவனுக்கு முன்னால் நிறைய இடம் இருந்தது, நான் உள்ளே புகுந்தேன்."

அந்த இடம் காலி இடம் அல்ல கண்ணு. அதுதான் அவருடைய பிரேக்.

பத்துச் சக்கர டாரஸ் லாரி முழு லோடோடு 28.5 டன் வரை போகலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. உன் கார் ஆட்களோடும் பெட்டிகளோடும் சேர்த்து ஒன்றரை டன் இருந்தால் அதிகம். 80 கிலோமீட்டர் வேகத்தில் லாரி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு பிரேக் விளக்கைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி. எங்கள் லாரிகளில் இருப்பது காற்று பிரேக். மிதித்ததும் பிடிக்காது, குழாயில் காற்று ஓடிப்போய்த் தள்ள இன்னும் அரை விநாடி. வேகம் குறையத் தொடங்கும் முன்பே முப்பது மீட்டருக்கு மேல் போய்விடும். நிற்பது அதற்குப் பிறகு. இதைக் கணக்குப் போட்டுத்தான் அவர் இடம் விட்டு வருகிறார். நீ புகுந்தால் அவர் பின்வாங்கி மறுபடி இடம் உண்டாக்குவார். அதில் இன்னொரு கார் புகும். ஓசூரிலிருந்து சேலம் வரை இப்படிப் பின்வாங்கிக்கொண்டே வந்தால் லோடு எப்போது இறங்கும்? ஏதோ ஓரிடத்தில் அவருக்கும் பொறுமை போய்விடுகிறது. நீ பார்த்தது அந்த நேரத்து மனிதரை.

இனி எந்த லாரியை முந்தினாலும், உன் உள் கண்ணாடியில் அதன் முகம் முழுவதும் தெரிந்த பிறகே இடப்பக்கம் ஏறு. ஏறியதும் வேகத்தைக் குறைக்காதே. யாராவது ஒட்டி வந்தால் பாடம் கற்பிப்பதாக நினைத்துப் பிரேக்கைத் தொட்டுக் காட்டாதே, போட்டி போட்டு ஓட்டாதே. இண்டிகேட்டர் போட்டு மெதுவாக ஒதுங்கி விட்டுவிடு. அதனால் உனக்கு ஒரு நிமிடம்கூட நஷ்டம் இல்லை.

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். சாலை நடுவே இருக்கும் தடுப்பை (மீடியனை) ஒட்டி வலப்பக்கத்திலேயே ஊர்ந்து போகும் லாரிகளை நீ திட்டுவது நியாயம்தான். இடப்பக்கம் போனால் எதிர்த்திசையில் பைக் வரும், விளக்கில்லாத டிராக்டர் நிற்கும் என்பார்கள். உண்மைதான், ஆனாலும் சட்டப்படி இடப்பக்கம்தான் எங்களுடையது. ஒரு லாரி இன்னொரு லாரியை முந்தும்போது மட்டும் கொஞ்சம் பொறு. எங்களுக்கு 80க்கு மேல் அனுமதி இல்லை. இரண்டுக்கும் இடையே ஐந்து கிலோமீட்டர் வேக வித்தியாசம் என்றால், அறுபது மீட்டர் முன்னேற நாற்பது விநாடிக்கு மேல் ஆகும். அதுவரை லைட்டை அடித்து அடித்துக் காட்டுவதால் அந்த வண்டி வேகமாகப் போகப் போவதில்லை.

லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போவது இதைவிட மோசம். எங்கள் வண்டியின் தளம் உன் முன்கண்ணாடி உயரத்தில் இருக்கிறது. கார் போய் மோதினால் பானெட் அடியில் நுழைந்துவிடும், கண்ணாடிதான் முதலில் இடிக்கும். ஏர்பேக் விரிந்தும் பயனில்லை. அதைத் தடுக்கத்தான் பின்னால் இரும்புத் தடுப்பு வைக்கச் சொல்கிறார்கள். பல வண்டிகளில் அது வளைந்து, துருப்பிடித்து, பேருக்குத் தொங்குவதை நான் தினமும் பார்க்கிறேன். தேய்ந்த டயரின் மேல் புதிதாக ஒட்டிய (ரீட்ரெட்) பட்டை உரிந்து பறந்து வந்தாலும் உனக்கு விலக நேரம் கிடைக்காது. முன்னால் போகும் லாரி ஒரு கம்பத்தைக் கடந்ததும் நிதானமாக மூன்று எண்ணு. எண்ணி முடிப்பதற்குள் நீயும் அந்தக் கம்பத்தைக் கடந்துவிட்டால், மிக நெருங்கி இருக்கிறாய். மழையில் ஐந்து எண்ணு.

தொப்பூர் கணவாயைத் தனியாகச் சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து வரும்போது அங்கே முழுக்க இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாதை பழக்கமில்லாத வெளியூர் வண்டிகளும் வரும். சின்ன கியரில் வேகத்தைப் பிடிக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் பிரேக் டிரம் சூடேறி, கடைசியில் பிரேக் பிடிக்காது. 2024 ஜனவரியில் அங்கே நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். லாரிகளுக்கு நடுவே நசுங்கிய காரைத் தொலைக்காட்சியில் நீயும் பார்த்திருப்பாய். அதனால் அந்த இறக்கத்தில் இரண்டு லாரிகளுக்கு நடுவே வராதே. பிரேக் லைனிங் கருகும் வாடை வந்தால் எந்த வண்டி என்று பார்த்து விலகிப்போ. பின்னாலிருந்து ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஹாரனை விடாமல் அடித்தால் கோபப்படாதே. அங்கே அது திமிராக இருக்காது, பிரேக் போனவரின் கூப்பாடாக இருக்கலாம். உடனே வழி விடு.

நடுவே தடுப்பு இல்லாத ஒற்றைச் சாலையில் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் முந்தலாம் என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அவர் டீக்கடைக்கோ பெட்ரோல் பங்குக்கோ திரும்பவும் அதே விளக்கைத்தான் போடுவார். வடக்கே சிலர் வலதைப் போட்டு வழிவிடுகிறார்கள். எதிரே சாலை உன் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் ஏறு. வழி விட்டவருக்குக் கையைத் தூக்கிக் காட்டு. கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றைக்கு அது ஒன்றுதான் மரியாதையாகக் கிடைத்திருக்கும்.

பொங்கலுக்கு வரும்போது வேலை முடிந்த களைப்போடு இரவில் கிளம்பாதே, விடிந்ததும் கிளம்பு. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று இந்த வாரமே பங்கில் பார்த்துவிட்டு எனக்குச் சொல். நீ பார்த்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்,
அப்பா