பேக்கரிக்கு போகாத பொம்பளைங்களுக்கு யாரு தொழில் சொல்லிக்குடுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

இந்தியாவுல ஃபேக்டரி வேலைக்கு போற பெண்கள்ல நூத்துக்கு 43 பேரு தமிழ்நாட்டுலதான் இருக்காங்கன்னு பேப்பர்ல அடிக்கடி படிக்கறோம், மத்திய அரசோட 2019-20 சர்வே கணக்கு அது. பெருமைதான். ஆனா திருப்பூர்ல 19 வருசமா பனியன் கம்பெனில கெடக்கறவளுக்கு வேற ஒரு கணக்கும் தெரியும். இப்ப நான் பாக்கற லைன்ல 30 மெஷின்ல 26ல பொம்பளைங்கதான், ஆனா ஃப்ளோர்ல இருக்கற 8 சூப்பர்வைசர்ல பொம்பள நான் ஒருத்திதான்.

ஆம்பளைங்களுக்கு திறமை இல்லைன்னு சொல்ல வரலீங்க. அவங்க தொழில் கத்துக்கற எடம் வேற. ஷிப்ட் முடிஞ்சு எட்டரைக்கு பசங்க பேக்கரில டீ குடிக்கறப்ப கட்டிங் மாஸ்டரும் புரொடக்ஷன் மேனேஜரும் அங்கதான் நிப்பாங்க, எந்த ஆர்டர் லேட்டு, எந்த பையர் கலர் ஷேட் மாறுச்சுன்னு சரக்க திருப்பி விட்டான், அடுத்த மாசம் யாரு வேலைய விட்டு நிக்கறா அந்த எடத்துல யாரை போடலாம்னு அத்தனையும் ஒரு டீ பப்ஸுக்குள்ள முடிஞ்சுரும். நாங்க அந்த நேரத்துக்கு கம்பெனி பஸ்ல இருப்போம், வீட்ல மாவு இருக்குதா தீந்துருச்சான்னு யோசிச்சுகிட்டு.

எனக்கு ஒரு அக்கா கெடச்சாங்க, அதான் தப்பிச்சேன். கைமடியா (டெய்லருக்கு ஒத்தாசை பண்ற ஹெல்பர்) சேந்து, அப்பறம் செக்கிங் போயி, ஆறு வருசம் அதே டேபிள்தான். ஒருநாள் 3,000 பீஸ் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். கியூசில (தரம் பாக்கற பிரிவு) இருந்த அந்த அக்கா கூப்ட்டு "இதுல எத்தனை பீஸ் எடுத்து பாக்கணும் சொல்லு கண்ணு"ன்னாங்க, நான் முழிச்சேன். சார்ட்டை எடுத்து விரல் வச்சு காட்டினாங்க, 1,201ல இருந்து 3,200 வரைக்கும் லாட்டுன்னா 125 பீஸ், ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரைக்கும் ஏத்துக்கலாம்ங்கற அளவு) 2.5ல மேஜர் டிஃபெக்ட் 7 வரைக்கும் பாஸ், 8 வந்தா மொத்த லாட்டும் ஃபெயிலு. ஆறு வருசமா கறையும் ஓட்டையும் பாத்து பீஸை தள்ளி வச்சுகிட்டே இருந்தேன், அது எங்க போய் கணக்காகுதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இன்னொரு நாள் டார்கெட் கணக்கு, ஒரு டீ-சர்ட்டுக்கு 6 நிமிசம்னா 12 டெய்லர் மணிக்கு 120 பீஸ், அதுல 60 பர்சன்ட் ஓட்டம் வச்சா 72, "இதுதான் சூப்பர்வைசர் காலைல இருந்து கத்தற நம்பரு"ன்னு அட்டைக்கு பின்னாடி எழுதி காட்டினாங்க.

சொல்லிக்குடுத்ததை விட பெருசு ஒண்ணு பண்ணாங்க. சூப்பர்வைசர் எடம் காலியானப்ப மேனேஜர் ரூம்ல என் பேர சொல்லிருக்காங்க. "அந்த புள்ளைக்கு வாயே இல்லீங்களே"ன்னு அவரு இழுத்ததுக்கு "ஒரு மாசம் விட்டு பாருங்க, சரியில்லைன்னா என்னை கேளுங்க"ன்னு நின்னாங்களாம். எச்ஆர் ஸ்லைடுல மென்ட்டர் (வழிகாட்டி)னு போடறாங்களே, எனக்கு தெரிஞ்சு அது இதுதான்.

அப்படி ஒரு ஆள் இல்லாததுனால போனவங்களும் இருக்காங்க. 2017ல சட்டம் திருத்தி பிரசவ லீவு 26 வாரம் ஆச்சு, நல்லது. முன்னாடி நான் இருந்த கம்பெனில (பேரு வேண்டாம்) ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிட்டு இருந்த பொண்ணு லீவு முடிஞ்சு வந்தா ஸ்டைல் மாறிருச்சு கை வராதுன்னு கைமடிக்கு அனுப்பிட்டாங்க, ரெண்டு மாசத்துல நின்னுட்டா. பக்கத்து மெஷின்ல ஒருத்தர ஒரு வாரம் உக்கார வச்சு காட்டிருந்தா போதும், நல்ல கை அவளுக்கு.

ஆம்பள சூப்பர்வைசர் சொல்லித்தரலாமே, தரலாம், சில பேருக்கு மனசும் இருக்கு, ஆனா ஒரு பொண்ணு கூட பத்து நிமிசம் தனியா நின்னா கேன்டீன்ல கதை கட்டிருவாங்க. அதுக்கு பயந்தே ரெண்டு பக்கமும் ஒதுங்கிக்கறாங்க. நாலு பேரா சேத்து, எல்லாரும் பாக்க ஃப்ளோர்லயே வச்சு சொல்லிக்குடுத்தா எவன் என்ன பேசுவான்?

நமக்கு போட்டின்னு சொல்ற பங்களாதேஷ்ல 2016லயே ஐஎல்ஓவும் (சர்வதேச தொழிலாளர் அமைப்பு) ஐஎஃப்சியும் (உலக வங்கி குழுவோட நிதி நிறுவனம்) சேந்து பெண் டெய்லர்கள லைன் சூப்பர்வைசர் ஆக்கறதுக்குன்னே ஒரு பயிற்சி ஆரம்பிச்சுட்டாங்க. இங்க மகளிர் தினம்னா கோலப்போட்டியும் ஒரு டிபன் பாக்ஸும் (என்கிட்ட அஞ்சு இருக்கு).

நான் கேக்கறது பெருசு இல்லீங்க, பொம்பளைங்களுக்கு தொழில் சொல்லிக்குடுக்க வாரத்துல அரைமணி நேரம், ஷிப்ட்டுக்குள்ளயே, கூலியோட. ஷிப்ட் முடிஞ்சு வைக்காதீங்க, பஸ் போயிரும். கூலி இல்லாமலும் வைக்காதீங்க, பீஸ் ரேட்ல இருக்கறவ அரைமணி நேரம் கத்துக்க உக்காந்தா அன்னைக்கு அவளுக்குத்தான் நஷ்டம்.

உங்க பேப்பர்லயும் ஒண்ணு பண்ணலாம். அடுத்த தடவ ஏற்றுமதி முதலாளிங்கள பேட்டி எடுக்கறப்ப, உங்க கம்பெனில எத்தனை பெண்கள் வேலை செய்யறாங்கன்னு கேட்டு நிறுத்திடாம, அதுல எத்தனை பேரு லைன் பாக்கறாங்கன்னும் கேட்டு அந்த நம்பரையும் சேத்து போடுங்க.

இப்படிக்கு,
ஒரு லைன் சூப்பர்வைசர்,
திருப்பூர்