நாலு முகவரி, ஒரு இன்பாக்ஸ்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். மாடிப்படி ஏறும் அளவுக்கா என்று சொல்லவே இல்லை. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. வாராவாரம் வந்துவிடுகிறாள், ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு.

சரி, மெயில் விஷயத்துக்கு வருகிறேன். உன் நாலு முகவரிக்கும் வருவதை ஒரே இடத்தில் பார்க்க வழி கேட்டிருந்தாய். சொந்த ஜிமெயில், குடியிருப்போர் சங்கத்துக்கு இன்னொரு ஜிமெயில், ஒரு அவுட்லுக், அந்தக் காலத்து யாஹூ. நாலையும் தினமும் திறந்து பார்ப்பது யாருக்குமே ஆகாத காரியம். இன்ஷூரன்ஸ் நினைவூட்டல் கண்ணில் படாமல் போனதில் வியப்பில்லை. எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவருவது பெரிய வேலை இல்லை. வந்ததைப் பிரிப்பதில்தான் வேலை இருக்கிறது. அதைச் செய்யாவிட்டால் நாலு இடத்தில் தேடியதை ஒரே குவியலில் தேடுவாய், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் மற்றக் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுத்தால் ஜிமெயிலே பாப் (POP) என்ற முறையில் போய் அங்குள்ள மெயிலை எடுத்துவரும். பழைய குறிப்புகள் இன்னும் அதைத்தான் சொல்கின்றன. 2026 முதல் ஜிமெயில் அந்த வசதியைக் கைவிடுகிறது, அதனால் அதைத் தேடாதே. சங்கத்தின் ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் செட்டிங்ஸுக்குப் போய், வருவதை உன் சொந்த ஜிமெயிலுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல். ஜிமெயிலில் வைக்கும்போது உன் முகவரிக்கு ஒரு குறியீடு வரும், அதை உறுதிசெய்ய வேண்டும். அவுட்லுக்கில் ஒரு பிரதியை அங்கேயே வைத்துக்கொள்ளும் கட்டத்தை டிக் செய்ய மறக்காதே.

யாஹூவில் தானாக ஃபார்வர்டு ஆவது பணம் கட்டுகிறவர்களுக்கு மட்டும். போனில் உள்ள ஜிமெயில் செயலியில் யாஹூ கணக்கையும் சேர்த்துவிட்டால் எல்லா இன்பாக்ஸையும் சேர்த்துக் காட்டும். கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளும் இதைச் செய்யும். ஆனால் தண்டர்பேர்டில் போடும் ஃபில்டர், அதாவது வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி, அது திறந்திருக்கும்போதுதான் வேலை செய்யும். போனில் பார்த்தால் குப்பை அப்படியே இருக்கும். அதனால் ஃபில்டரை ஜிமெயிலிலேயே போடுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

கம்ப்யூட்டரில் உன் சொந்த ஜிமெயிலைத் திற. தேடும் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும், அதைத் தட்டு. பெறுநர் இடத்தில் சங்கத்தின் முகவரியைப் போட்டு ஃபில்டர் உருவாக்கு. இன்பாக்ஸைத் தவிர்க்கச் சொல்லி, ‘சங்கம்’ என்று ஒரு லேபிள் கொடு. தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு, பார்க்கிங் சண்டை எல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், சாயங்காலம் பார்த்தால் போதும். சிலர் பிசிசியில், அதாவது பெறுநர் பெயர் தெரியாதபடி மறைத்து, அனுப்புவார்கள். அப்போது பெறுநர் இடத்தில் சங்கத்தின் முகவரி இருக்காது, ஃபில்டரும் பிடிக்காது. அவர்களுக்கு அனுப்புநர் பெயரை வைத்து இன்னொன்று போடு.

கடைக்காரர்களின் தள்ளுபடி மெயிலுக்கு ஒரு வழி இருக்கிறது. அவற்றின் அடியில் பெரும்பாலும் ‘அன்சப்ஸ்க்ரைப்’ என்று இருக்கும். அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் கொடுத்து ஃபில்டர் போட்டால் பெரும்பாலானவை ஒதுங்கும். ஆனால் இன்ஷூரன்ஸ் மெயிலிலும் அதே சொல் இருக்கலாம். ஆகவே ‘இல்லாத சொற்கள்’ இடத்தில் பிரீமியம், பாலிசி இரண்டையும் ஆங்கிலத்தில் சேர்த்துவிடு.

ஸ்பேம் பக்கமும் ஒரு கண் வை. ஜிமெயில் ஃபார்வர்டு செய்யும்போது ஸ்பேமை விட்டுவிட்டுத்தான் அனுப்பும். சங்கத்தின் கணக்கில் தப்பாக ஸ்பேமில் விழுந்த நல்ல மெயில் அங்கேயே கிடக்கும். இன்னொன்று, வங்கி அனுப்பியது அவுட்லுக் சர்வர் வழியாக வந்தால், இது வங்கியின் சர்வர் இல்லையே என்று வாங்குகிற பக்கம் சந்தேகப்படும். மெயிலில் உள்ள டிஜிட்டல் கையெழுத்து குலையாமல் இருந்தால் தப்பிக்கும். இதற்காக வங்கி மெயிலுக்கு ‘ஸ்பேமுக்கு அனுப்பாதே’ என்று ஃபில்டர் போட்டுவிடாதே. வங்கி பெயரில் வரும் போலியும் அதே கதவு வழியாக உள்ளே வந்துவிடும்.

பதில் எழுதும்போது சங்கத்தின் முகவரியிலிருந்தே போகிற மாதிரி வைத்துக்கொள். இல்லாவிட்டால் உன் சொந்த முகவரி குடியிருப்பு முழுக்கப் பரவிவிடும். அப்புறம், எல்லாம் இங்கேயே வருகிறதே என்று சங்கத்தின் கணக்கைத் திறக்காமல் விட்டுவிடாதே. 2 ஆண்டுகள் பயன்படுத்தாத கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். அவ்வப்போது உள்ளே போய் வா. இந்த ஒரு இன்பாக்ஸுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் கட்டாயம் போடு. இனி உன் மற்றப் பாஸ்வேர்டுகளை மாற்றும் மெயில்களும் இங்கேதான் வரும்.

யாஹூவைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அதில் இப்போது உனக்கு யார் எழுதுகிறார்கள்? அந்த இன்ஷூரன்ஸும் வங்கியும் மட்டும்தான் என்றால், அவர்களிடமே முகவரியை மாற்றிக் கொடுத்துவிடு. ஃபில்டரே வேண்டாம்.

பொங்கலுக்கு வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டாயா?

அன்புடன்,
மணி