தேவிகாவுக்கு, பயிலரங்கம் பற்றி

அன்புள்ள தேவிகா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் நேரத்தில் மாநாட்டு வேலையையும் உன் தலையில் கட்டிவிட்டார்களா? நன்றாக மாட்டினாய். எங்கள் வீட்டில் சின்னவன் மறுபடியும் நீட் பிஜிக்குப் படிக்கிறான். டிவி போட்டுப் பல மாதம் ஆகிறது. அவர் மொட்டை மாடியில் ரேடியோ கேட்கிறார், அதுவும் காதில் வைத்துக்கொண்டு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பயிலரங்கத்துக்கு யார் யாரைப் பேசக் கூப்பிடலாம் என்று கேட்டிருந்தாய். அதைக் கடைசியில் பார்த்துக்கொள். நம் மயக்க மருத்துவர் மாநாடுகளில் முதலில் பேச்சாளர் பட்டியல்தான் தயாராகிறது. யாரை விட்டால் யார் கோபித்துக்கொள்வார் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிறகுதான் தலைப்பே பிறக்கிறது. வருகிறவர் என்ன கற்றுக்கொண்டு போவார் என்பதை பேனர் அடிக்கும் நாள்வரை யாரும் யோசிப்பதில்லை.

நீ எடுத்திருக்கும் தலைப்பு நல்ல தலைப்பு. மயக்கம் கொடுத்தவருக்கு மூச்சு ட்யூபும் உள்ளே போகவில்லை, மாஸ்க்கிலும் காற்று ஏறவில்லை என்றால் கழுத்தில் கீறி மூச்சுக்கு வழி செய்ய வேண்டும். நம்மில் பலர் சர்வீஸ் முழுக்க ஒருமுறைகூட அதைச் செய்யாமல் ஓய்வு பெறுவோம். ஆனால் செய்ய வேண்டி வந்தால் சில நிமிடம்தான் இருக்கும். மூச்சுவழிச் சிக்கல்கள் பற்றி 2011-இல் வந்த பிரிட்டிஷ் தணிக்கை அறிக்கை உனக்கு நினைவிருக்கும். அவசரத்தில் ஊசிக் குழாயைக் குத்தியவற்றில் சுமார் 60 சதவீதம் தோல்வி. அதன் பிறகு 2015-இல் அவர்கள் கத்தி, பூஜி என்ற மெல்லிய வழிகாட்டிக் குச்சி, ஆறாம் நம்பர் ட்யூப் என்று முறையையே எளிமையாக்கிவிட்டார்கள். இதையெல்லாம் ஸ்லைடில் காட்டப் பத்து நிமிடம் போதும். மீதி நேரம் முழுக்கக் கைக்குப் போகட்டும்.

எத்தனை முறை செய்தால் கை பழகும்? 2003-இல் வந்த ஓர் ஆய்வில் நூற்றுக்கும் மேற்பட்ட மயக்க மருத்துவர்களை டம்மி கழுத்தில் ஆளுக்குப் பத்து முறை செய்ய வைத்தார்கள். ஐந்தாவது முறைக்குள் 96 சதவீதம் பேர் 40 விநாடியில் முடித்துவிட்டார்கள். அது கம்பி வழியாகக் குழாயைச் செலுத்தும் முறை, நீ கற்பிக்கப் போவது கத்தி முறை. இருந்தாலும் திட்டம் போட அந்த ஐந்து உதவும். 24 பேரைச் சேர்த்தால் ஆளுக்கு ஐந்து வீதம் 120 கீறல். பழகுவதற்கு ஆட்டு மூச்சுக்குழாய்தான்; ஒன்று மூன்று கீறல் தாங்கும் என்று வைத்துக்கொள், 40 குழாய் வேண்டும். ஒரு மேஜைக்கு ஆறு பேர், ஓர் ஆசிரியர். ஆக நான்கு ஆசிரியர். பார்த்தாயா, பேச்சாளர் எண்ணிக்கையைக்கூட மேஜைதான் முடிவு செய்கிறது! கட்டணமும் அப்படியே கிடைத்துவிடும்: ஆகும் செலவை 24-ஆல் வகுத்து, மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. எழுபது பேரைச் சேர்க்கலாம் என்று பொருளாளர் சொல்வார். மசியாதே. ஒரு மேஜையைச் சுற்றிப் பதினேழு பதினெட்டுப் பேர் நின்றால் முன்வரிசை கற்றுக்கொள்ளும், பின்வரிசை வாட்ஸ்ஆப் பார்க்கும்.

கறிக்கடைக்காரரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவை. குரல்வளையோடு சேர்த்து வேண்டும் என்று அழுத்திச் சொல், இல்லாவிட்டால் அதைத் தலையோடு விட்டுவிட்டு வெறும் குழாயைக் கொடுத்துவிடுவார். நாம் கீற வேண்டிய சவ்வே குரல்வளையில்தான் இருக்கிறது. தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வாங்கிக்கொள். மேலே அகலப் பிளாஸ்டரை ஒட்டினால் தோல் மாதிரி இருக்கும், விரலால் தடவித்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம், இடம் கேட்கும்போது இதை மறைக்காதே. சைவக் கல்யாண மண்டபத்தில் ஆட்டுக் குழாயோடு போய் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவக் கல்லூரி ஸ்கில் லேப் கிடைத்தால் நிம்மதி.

தேதிக்கு ஆடி மாத ஞாயிறு என்றால் எனக்கு இரட்டைச் சந்தோஷம். முகூர்த்தம் இல்லாததால் ஓட்டல் அறை மலிவு, கல்யாணப் பத்திரிகை காட்டி யாரும் நழுவ முடியாது. கடையில் ஆடும் தாராளமாக வெட்டுவார்கள். புரட்டாசியில் வைத்தால் 40 குழாய்க்கு எங்கே போவாய்?

இனி ஆள் சேர்ப்பது. போன மாதம் எனக்கு வந்த ஒரு மாநாட்டு அழைப்பிதழில் பதினோரு வட்டப் படங்கள், எல்லாரும் கோட்டு சூட்டில். என்ன கற்றுத் தருவார்கள் என்று ஒரு வரி இல்லை. நீ மேலேயே எழுது: "ஒவ்வொருவரும் ஐந்து முறை கீறி ட்யூப் செருகுவீர்கள். 24 இடங்கள் மட்டும்." படமே போட வேண்டும் என்றால் கத்தி பிடித்த கையைப் போடு. கிரெடிட் ஹவரை, அதாவது டாக்டர்கள் கணக்குக் காட்ட வேண்டிய பயிற்சி நேரத்தை, கீழே ஒரு வரியில் சொன்னால் போதும். ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரம் என்ற விதி எல்லாருக்கும் தெரியும், அதைப் பெரிதாகப் போட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டுக் குற்றாலம் போகிறவர்கள்தான் வருவார்கள். முன்பு போல மருந்து கம்பெனிக்காரர்கள் டிக்கெட், அறை எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்றும் நினைக்காதே. 2024 மார்ச்சில் வந்த நெறிமுறைப்படி பேச்சாளரைத் தவிர மற்ற டாக்டர்களின் பயணச் செலவை அவர்கள் ஏற்கக் கூடாது. வருகிறவர் சொந்தக் காசில் வருகிறார். அதனால்தான் அந்த "ஐந்து முறை" என்ற வாக்கு முக்கியம்.

இன்னொன்று, இதை யாரும் செய்வதில்லை. அழைப்பை மயக்க மருத்துவர்களுக்கு மட்டும் அனுப்பாதே. தென்காசி, சங்கரன்கோவில் பக்கம் நம் ஆட்கள் நாலைந்து நர்சிங் ஹோமுக்கு ஓடுகிறவர்கள். தாங்கள் வராத நாளில் சர்ஜன் இன்னொருவரைக் கூப்பிட்டுவிட்டால் பிழைப்பே போச்சு என்ற பயம் அவர்களுக்கு. அதனால் அந்த ஊர் சர்ஜன்களுக்கும் மகப்பேறு மருத்துவர்களுக்கும் தனியாக ஒரு கடிதம் போடு: "உங்கள் மயக்க மருத்துவர் இதைக் கற்று வந்தால் உங்கள் தியேட்டருக்கும்தான் பாதுகாப்பு. அன்று அவசரமில்லாத கேஸ் வைக்காதீர்கள்." உண்மையில் வர வேண்டியவர்கள் இவர்கள்தான். மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு எப்படியும் கிடைக்கும். அதனால் 24-இல் பாதியையாவது வெளியூர் தனியார் மருத்துவர்களுக்கு ஒதுக்கிவை.

அழைப்பிதழ் வரைவை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. ஒரு மேஜைக்கு நான் வருகிறேன், மேடையில் மட்டும் உட்கார வைத்துவிடாதே. குழந்தை பிறந்ததும் போன் பண்ணு, ராத்திரி என்றாலும் பரவாயில்லை.

அன்புடன்,
மீனா
திருச்சி