டவர் விபத்துகளில் கேட்கப்படாத கேள்விகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒலிபரப்பு டவரில் வேலை பார்ப்பவர் இறந்தால், ‘நிலைதடுமாறி விழுந்து பலி’ என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. 100 மீட்டர் உயரத்தில் எப்பேர்ப்பட்ட ஆளுக்கும் கால் வழுக்கும். வழுக்கியவர் ஏன் தரைவரை வந்தார் என்பதைச் செய்தியாளர்களும் வழக்குப் பதியும் காவல் துறையினரும் கேட்க வேண்டும்.

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் இந்த வேலைக்கு ஆகாது. தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பெல்ட்டும், அதில் இரண்டு கொக்கிக் கயிறுகளும் வேண்டும். ஒன்றை மாட்டிய பிறகே மற்றதைக் கழற்ற வேண்டும். ஒற்றைக் கொக்கியோடு ஏறுபவர் டவரின் ஒவ்வொரு ஆங்கிளை (இரும்புச் சட்டத்தை) தாண்டும்போதும் சில விநாடி பிடிமானமே இல்லாமல் நிற்கிறார். கொக்கி தலைக்கு மேல் இருக்க வேண்டும். 2 மீட்டர் கயிற்றைக் கால் மட்டத்தில் மாட்டினால், கயிறு இறுகுவதற்குள் மூன்று மீட்டருக்கு மேல் விழுந்து கீழ் ஆங்கிளில் மோதிவிடுவார்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து ஆன்டெனாவிலிருந்து பாயும் ரேடியோ அலைகள். எஃப்.எம். ஒலிபரப்பின் 88–108 மெகாஹெர்ட்ஸ் அலைகளை மனித உடல் வெகுவாக உறிஞ்சும். தோலுக்குச் சூடு தெரியும் முன்பே உள்ளே தசை சூடேறலாம். ஆன்டெனா அருகே ஆளை ஏற்றும்போது டிரான்ஸ்மிட்டரை நிறுத்த வேண்டும், அல்லது அளந்து பார்த்துப் பவரைக் குறைக்க வேண்டும். விளம்பர நேரம் போகிறதே என்று தயங்குவது கொடுமை. ஒரே டவரில் பல நிலையங்கள் இருந்தால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ‘ஆஃப் பண்ணியாச்சு’ என்று போனில் சொன்னால் போதாது. சுவிட்சைப் பூட்டி, சாவியை ஏறுபவரிடமே கொடுக்க வேண்டும். பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும் மீடியம் வேவ் டவரிலோ டவர் முழுவதுமே ஆன்டெனா. ஒலிபரப்பு ஓடும்போது தரையில் நின்று தொட்டாலே கை வெந்துவிடும்.

கனமான பொருளை ஏற்றும்போது கணக்குப் போடாமல் செய்யும் மாற்றம் எதில் முடியும் என்பதற்கு 1982 டிசம்பர் 7 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டன் அருகே நடந்தது சாட்சி. டவர்மேல் துண்டு துண்டாக ஏற்றிய ஆன்டெனாவின் கடைசித் துண்டில், பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்த கூடை போன்ற பாகங்கள் தூக்கும் கயிற்றுக்கு இடைஞ்சலாக இருந்தன. கூடைகளைக் கழற்ற அனுமதி கிடைக்காததால், தொழிலாளர்கள் தூக்கும் காதுகளை (கயிறு மாட்டும் இடங்களை) இரும்புச் சட்டம் போட்டு நீட்டினார்கள். அதைச் சரிபார்க்க, பொறுப்பு தங்கள்மேல் வந்துவிடும் என்று ஆன்டெனா நிறுவனப் பொறியாளர்கள் மறுத்துவிட்டார்கள். நீட்டியதால் அந்தச் சட்டத்தைப் பிணைத்த போல்ட்டுகளில் விழுந்த விசை வெறும் எடையைவிடப் பல மடங்கு. போல்ட்டுகள் முறிந்து, துண்டு விழுந்து, டவரை இழுத்துப் பிடித்திருந்த ஸ்டே கம்பியை அறுக்க, டவரே சரிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள்.

மலைத்தேனீக் கூடு இருக்கிறதா என்று ஏறுமுன் பைனாகுலரில் பார்ப்பதும், கடலோர டவர்களில் கடற்காற்று வலுக்கும் முன் இறங்கிவிடுவதும் செலவில்லாத காரியங்கள்.

மீட்புக்குத்தான் பல இடங்களில் ஏற்பாடு இல்லை. பெல்ட் தாங்கிப் பிடித்தாலும், அசையாமல் தொங்குபவருக்குத் தொடைப்பட்டை இறுகி இரத்தம் கால்களில் தேங்கும்; நிமிடங்களில் மயக்கம் வரலாம், உயிரும் போகலாம். சாதாரண தீயணைப்பு ஏணி அவ்வளவு உயரம் எட்டாது. மீட்புக் கயிறும், அதை இயக்கத் தெரிந்த இன்னொருவரும் டவரிலேயே இருந்தாக வேண்டும். இதற்கான தொகையை டெண்டரில் தனியாகக் காட்ட வேண்டும். மொத்தத் தொகையில் சேர்த்தால் துணை ஒப்பந்தக்காரர் முதலில் வெட்டுவது இதைத்தான்.

இப்படிக்கு,
டவர் பராமரிப்பு மேற்பார்வையாளர்,
தூத்துக்குடி.