பச்சைக் கோட்டுக்காரர் மொசார்ட்தானா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

சில வருடங்களாக எங்கள் கடையில் ஐரோப்பிய இசைமேதை மொசார்ட்டின் படம் என்று ஒரு படத்துக்கு பிரேம் போட்டு, பின்பலகையில் 'மொசார்ட், 1790' என்று லேபிள் ஒட்டி விற்று வந்தோம். பச்சைக் கோட்டு, நரைத்த முடி, உப்பிய கன்னங்கள், கொஞ்சம் களைத்த பார்வை. பெரும்பாலும் பியானோ வகுப்பு நடத்துகிறவர்கள்தான் வாங்கிப் போனார்கள். போன மாதம் அப்படி வாங்கிய ஆசிரியை ஒருவர் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "இது மொசார்ட்தான்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அச்சுக்கான கோப்பைக் கொடுத்தவர்கள் அந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள், நாங்கள் அதையே லேபிளில் ஏற்றிவிட்டோம். விசாரிக்காமல் பெயர் போட்டது எங்கள் தவறு. மன்னிக்க வேண்டும்.

அந்தப் படத்தின் கதை இதுதான். அது பெர்லின் ஓவியக் கூடத்தில் இருக்கிறது. வரைந்தவர் யோஹான் கேயோர்க் எட்லிங்கர், மியூனிக் நகரத்து ஓவியர். வெகுகாலம் 'பச்சைக் கோட்டு அணிந்த கனவான்' என்ற அளவில்தான் அதை அறிந்திருந்தார்கள். 2005-ல், இவர் மொசார்ட் என்று பெர்லினிலிருந்து அறிவிப்பு வந்தது. சொன்ன காரணங்கள் இரண்டு. 1790 அக்டோபரில் பிராங்க்பர்ட்டில் கச்சேரி முடித்துத் திரும்பும் வழியில் மொசார்ட் சில நாள் மியூனிக்கில் தங்கினார், எட்லிங்கர் அப்போது அந்த ஊரில்தான் இருந்தார். அப்புறம், 1777-ல் வரையப்பட்ட வேறொரு மொசார்ட் படத்தோடு இந்த முகத்தைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்த்தபோது பொருந்தியது என்றார்கள்.

ஒரே ஊரில் இருவரும் இருந்தார்கள் என்பதற்காக ஒருவர் மற்றவரை வரைந்தார் என்று ஆகிவிடுமா? எட்லிங்கர் மொசார்ட்டை வரைந்தார் என்று சொல்லும் கடிதமோ, கணக்குச் சீட்டோ, குறிப்போ ஒன்றுகூட இல்லை. கொஞ்ச நாளிலேயே மியூனிக் நகர ஆவணக் காப்பகத்தின் தலைவர் ரிச்சர்ட் பவர், இது யோசெப் ஷ்டைனர் என்ற அவ்வூர் வணிகர் என்று எடுத்துச் சொன்னார். எல்லாவற்றையும் படித்த பிறகு எங்களுக்கு அந்தப் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. ஊர் வணிகர்களும் குடும்பத்தார்களும்தானே ஓர் உள்ளூர் ஓவியரிடம் காசு கொடுத்துப் படம் வரைந்துகொள்வார்கள்.

சரி, அப்படியானால் மொசார்ட்டின் முகம் என்று எதை நம்புவது? ஆசிரியை கேட்டுவிட்டுப் போன பிறகு இதைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். மூக்கையும் கன்னத்தையும் பார்த்து முடிவு செய்யாமல், படத்தோடு கூடவே வந்த காகிதத்தைப் பார்ப்பதுதான் சரி என்று இப்போது எங்களுக்குப் பட்டிருக்கிறது.

வெரோனா படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1770 ஜனவரியில், பதினான்கு வயது முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தபோது, அப்பா லியோபோல்டோடு மொசார்ட் இத்தாலிக்குப் போயிருந்தார். வெரோனாவில் பியெத்ரோ லுஜியாத்தி என்ற செல்வர் தன் வீட்டிலேயே அவரை உட்காரவைத்துப் படம் எழுதச் செய்தார். அதைப் பற்றி மொசார்ட்டின் அம்மாவுக்கு லுஜியாத்தி எழுதிய கடிதமும் இருக்கிறது. சிவப்புக் கோட்டும் பொடி பூசிய பொய்முடியும் அணிந்த சிறுவன், கைகள் ஹார்ப்சிகார்டு என்ற, பியானோவைப் போன்ற பழைய வாத்தியத்தின்மேல். எதிரே விரித்திருக்கும் தாளை உற்றுப் பாருங்கள். அதில் இருக்கும் இசைக்குறிகளைப் படித்து வாசிக்கவே முடியும். அந்த உருப்படி வேறெந்தக் கையெழுத்துப் பிரதியிலும் கிடைக்கவில்லை, இந்த ஓவியத்தில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. வரைந்தவர் சாவெரியோ தல்லா ரோசாவா, அவருடைய மாமன் சிஞ்ஞரோலியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. உட்கார்ந்திருப்பவர் யார் என்பதில் இல்லை. 2019 நவம்பரில் பாரிஸ் ஏலத்தில் 40 லட்சம் யூரோவுக்குப் போனதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

1777-ல் மொசார்ட்டின் சொந்த ஊரான சால்ஸ்பர்க்கில் எழுதி, இத்தாலியின் போலோஞாவில் இருந்த இசை அறிஞர் மார்த்தினி பாதிரியாருக்கு அனுப்பிய படம் இன்னொன்று. வரைந்தவர் பெயர் தெரியாது. போப் கொடுத்த தங்க விருதை மார்பில் அணிந்து, முகம் வெளிறி நிற்கிறார். ஓவியமாக இதற்குப் பெரிய மதிப்பு இல்லை, ஆனால் ஆள் அப்படியே இருக்கிறான் என்ற கருத்தில் லியோபோல்ட் அந்தப் பாதிரியாருக்கு எழுதினார். பெற்ற தகப்பனே கொடுத்த சான்று அது.

எங்கள் மனதுக்கு மிக நெருக்கமானது யோசெப் லாங்கே வரைந்தது. லாங்கே வியன்னாவில் நாடக நடிகர், மொசார்ட்டின் மனைவி கான்ஸ்டான்ஸாவின் அக்காள் அலோய்சியாவை மணந்தவர். மொசார்ட் முதலில் காதலித்ததும் அந்த அலோய்சியாவைத்தான். படத்தில் தலை குனிந்து, கண்கள் கீழே நோக்கியிருக்கின்றன. முகம் முழுமையாக இருக்கிறது. தோளுக்குக் கீழே வண்ணம் தீட்டாத ஓவியத் துணிதான், பியானோவும் கைகளும் வரவேண்டிய இடம் காலியாக நிற்கிறது. முகப்பகுதி முதலில் தனியாக முடித்த ஒரு சிறிய படம் என்றும், லாங்கே அதைப் பெரிதாக்கப் பார்த்து பாதியில் விட்டுவிட்டார் என்றும் சால்ஸ்பர்க்கில் உள்ள 'மொசார்ட்டேயும்' என்ற மொசார்ட் அறக்கட்டளையின் ஆய்வில் தெரியவந்தது. மொசார்ட் இறந்து பல வருடங்கள் கழித்து, 1829-ல் தன்னைப் பார்க்க வந்த இங்கிலாந்துத் தம்பதியிடம், அவரைப் போலவே இருப்பது இந்தப் படம்தான் என்று கான்ஸ்டான்ஸா சொன்னார். பாதியில் நின்ற படத்தை யார் வாங்குவார்கள் என்று நினைத்து இத்தனை நாள் இதை நாங்கள் அச்சிடாமலே இருந்தோம்.

1789 ஏப்ரலில் ஜெர்மனியின் ட்ரெஸ்டனில் டோரிஸ் ஷ்டாக் என்ற பெண் ஓவியர் வெள்ளிமுனைக் கோலால் வரைந்த பக்கவாட்டு முகமும் ஐயத்துக்கு இடமில்லாதது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு.

இப்போது உங்களில் பலர் கேட்கப்போகும் கேள்வி: சிவப்புக் கோட்டு மொசார்ட்? பாடப்புத்தகத்திலும் சாக்லெட் உறையிலும் பார்த்துப் பழகிய அந்த முகம் பார்பரா கிராஃப்ட் 1819-ல் வரைந்தது. அப்போது மொசார்ட் இறந்து 28 வருடம் ஆகியிருந்தது. எதிரே ஆள் இல்லை. அக்காள் நானெர்ல் தன்னிடம் இருந்த குடும்பப் படங்களை எடுத்துக் கொடுக்க, அவற்றைப் பார்த்து வரைந்தார். அதனால் அதைப் பொய் என்று தள்ள மாட்டோம். கூடப் பிறந்தவள் கொடுத்த படங்களிலிருந்து வந்த முகம் அது. நேரில் பார்த்து எழுதியது அல்ல என்பதை மட்டும் லேபிளில் சொல்ல வேண்டும், இனி சொல்வோம்.

பறவைக் கூட்டைக் கையில் ஏந்திய சிறுவனின் படத்தையும் சிலர் கேட்கிறார்கள். அது மொசார்ட் இல்லை என்று 2013-ல் மொசார்ட்டேயும் அறக்கட்டளை சொல்லிவிட்டது. நாங்கள் அச்சிட மாட்டோம். 1840-ல் எடுத்த புகைப்படத்தில் கிழவி கான்ஸ்டான்ஸா இருக்கிறார் என்று 2006-ல் வந்த செய்தியும் அப்படித்தான். அந்தக் காலத்துக் கேமராவுக்கு முன்னால் பல நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஒரு கூட்டமே நின்று, ஒருவர் முகமும் கலங்காமல் படம் விழுவது அன்று நடக்கிற காரியமில்லை. கான்ஸ்டான்ஸாவும் அப்போது மூட்டுவாதத்தில் முடங்கிக் கிடந்தார்.

மண்டையோட்டை வைத்துச் சரிபார்க்கலாமே என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டார். மொசார்ட்டினுடையது என்று சொல்லப்படும் மண்டையோடு ஒன்று சால்ஸ்பர்க்கில் உண்டு. 2006-ல் மரபணுச் சோதனை முடிவு வந்தபோது, ஒப்பிட எடுத்த குடும்பக் கல்லறை எலும்புகளே ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்று தெரிந்தது. அந்த வழி அதோடு அடைபட்டது.

இனிக் கடையில் என்ன மாற்றம் என்று சொல்லிவிடுகிறோம். பச்சைக் கோட்டுப் படத்தை மொசார்ட் என்ற பெயரில் விற்பதை நிறுத்திவிட்டோம். ஏற்கெனவே வாங்கியவர்கள் எப்போது வேண்டுமானாலும் கொண்டுவரலாம், பில் தேவையில்லை. பிரேமும் கண்ணாடியும் அப்படியே இருக்க, உள்ளே இருக்கும் அச்சை மட்டும் எடுத்துவிட்டு லாங்கே, வெரோனா, போலோஞா, கிராஃப்ட் இவற்றில் நீங்கள் விரும்பியதை வைத்துத் தருவோம். செலவு எங்களுடையது. பணம் வேண்டும் என்றால் முழுப் பணமும் தருகிறோம். படம் பிடித்துப்போயிற்று, அதையே வைத்துக்கொள்கிறோம் என்கிறவர்களுக்குப் புது லேபிள் தருவோம்: 'பச்சைக் கோட்டு அணிந்தவர், எட்லிங்கர், சுமார் 1790. மொசார்ட் என்று சிலர் சொன்னார்கள், நிரூபிக்கப்படவில்லை.'

நாங்கள் விற்கும் மற்ற இசைமேதைகளின் படங்களையும் ஒவ்வொன்றாக இப்படிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அது முடியும்வரை பாக், ஷோபென் படங்களுக்குப் புது ஆர்டர் எடுப்பதில்லை. ஆண்டு விழாவுக்காகச் சொல்லிவைத்திருந்த இரண்டு இசைப் பள்ளிகளுக்கும் தனியாகப் பேசிவிட்டோம். கேள்வி கேட்ட ஆசிரியைக்கு எங்கள் நன்றி. அவர் லாங்கேயின் படத்தைத்தான் எடுத்துப்போனார், கீழ்ப்பகுதி காலியாக இருப்பது தெரிகிற மாதிரியே வைத்துத் தரச் சொன்னார். அப்படியே செய்து கொடுத்தோம்.

இப்படிக்கு,
படக்கடைக் குடும்பத்தார்