சோம்பேறிகள் என்று எழுதியிருந்தாயே

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே வெள்ளவத்தையில் எல்லோரும் சுகம். சின்னவள் கம்பஸுக்கு எடுபட்டுவிட்டாள்.

"ஏழை நாட்டுச் சனம் சோம்பேறிகள், அதுதான் முன்னேறவில்லை" என்று எழுதியிருந்தாயே, இரண்டு நாளாக அதுவே மனதில் கிடக்கிறது. என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

போன கிழமை தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஹட்டனுக்குப் போயிருந்தேன். விடிந்தும் விடியாமலும் கூடையோடு மலையேறுகிற பெண்களைப் பார்த்தால் அந்தச் சொல் உன் வாயில் வராது. அவர்கள் பறிக்கிற கொழுந்து தூளாகிக் கொழும்பு ஏலத்துக்கு வருகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. இன்றும் கணிசமான தேயிலை மொத்தமாகவே கப்பலேறுகிறது. கலப்பதும் பெட்டியில் அடைத்துப் பெயர் ஒட்டுவதும் வேறு நாட்டில். பெரிய இலாபமும் அங்கேதான் தங்குகிறது.

கரீபியன் தீவு நாடான ஹெயிட்டியை யோசித்துப் பார். அடிமைகள் போராடி 1804இல் பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் நட்டஈடு கேட்டது. யாருக்கு? அடிமைகளையும் தோட்டங்களையும் இழந்த முதலாளிகளுக்கு! பிறகு 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனால் அதைக் கட்ட பிரெஞ்சு வங்கிகளிடமே கடன் வாங்க வேண்டியிருந்தது. அந்தக் கடன்கள் தீர 1947 ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போக வேண்டிய காசு நூறு வருடத்துக்கு மேலாக வெளியே போனால் எந்தச் சனம் எழும்பும், சொல்லு?

அதற்காக வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டு விடவும் எனக்கு மனம் வரவில்லை. 1948இல் அந்தத் தேயிலைத் தோட்டங்களின் மலையக மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது எங்கள் பாராளுமன்றம்தான். மிச்சப் பேரின் குடியுரிமைக்கு 2003இல்தான் சட்டம் வந்தது. வோட்டு இல்லாதவனின் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எந்த அரசியல்வாதி ரோட்டுப் போடுவான்? அப்புறம் 26 வருடப் போர். அது முடிந்து 13 வருடத்தில், 2022 ஏப்ரலில், வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கமே அறிவித்தது. கடனை வாங்கியவர்கள் ஒரு சிலர். பெட்ரோலுக்கு இரவு முழுக்கக் கியூவில் கிடந்தது எங்கள் ஒழுங்கையின் த்ரீவீலர்காரர்கள். அவர்களா சோம்பேறிகள்?

சரி, ஏப்ரல் லீவுக்குக் கட்டாயம் வா. ஹட்டன் ரயிலில் கூட்டிக்கொண்டு போகிறேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு மணித்தியாலம் நின்று பார். அதற்குப் பிறகு பேசுவோம்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

உன் பழைய நண்பன்